அப்பாவுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. சோதனை எடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. சிறுநீர் சரியாகப் பிரியாததால் மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். இந்த முறை புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனை 6.4 என்று வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்து, பயாப்ஸியும் செய்தார்கள். 12 துண்டுகளில் மூன்றில் புராஸ்டேட் புற்றுநோய், நோயின் தீவிரத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 3+4=7 என்று அறிக்கை. "உடனே எதுவும் செய்யாமல் கண்காணிப்பில் வைக்கலாம், ஆபரேஷனோ ரேடியேஷனோ செய்துகொண்டாலும் சரி. வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்" என்கிறார் டாக்டர். அம்மா ஆபரேஷன் என்கிறார், அப்பா எதுவுமே வேண்டாம் என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற ரத்தச் சோதனையைச் செய்தால் இது வேகமாகப் பரவும் வகையா, மெல்ல வளரும் வகையா என்று தெரிந்துவிடும் என்கிறான். ஒரு லேப்பில் கேட்டோம். 30,000 ரூபாய்க்கு மேல் ஆகும், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம் என்றார்கள். எடுக்கலாமா? எல்லா ரிப்போர்ட்டுகளையும் இணைத்திருக்கிறேன். அப்பாவின் தங்கை 44 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்தவர் என்பதால் எங்களுக்குப் பயம் அதிகம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய காகிதங்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டு எழுதுகிறேன். நான் பேத்தாலஜிஸ்ட். பயாப்ஸியில் எடுத்த சதைத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து "3+4" என்று எழுதுவது என் போன்றவர்களின் வேலை. மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து அளக்கும் ஆராய்ச்சியிலும் சில வருடம் இருந்திருக்கிறேன். அதனால் அண்ணன் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் என் பதில், அந்தச் சோதனை இப்போது வேண்டாம் என்பதுதான். அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன்னால், உங்கள் காகிதங்களில் என் கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய ஒன்பதாவது படம் அப்பாவின் மாத்திரைச் சீட்டு. இரவில் ஒரு கேப்சூல் என்று இருக்கிறது. அதில் டாம்சுலோசின், டூட்டாஸ்டெரைடு என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. டாம்சுலோசின் சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். டூட்டாஸ்டெரைடு வேறு விதமானது. புராஸ்டேட் சுரப்பியை வளர்க்கும் ஹார்மோன் உருவாவதைத் தடுத்து, சுரப்பியைச் சுருக்கும். சிறுநீர் இறங்குவது எளிதாகும். கூடவே ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு மேல் இதைச் சாப்பிடுகிறவரின் பி.எஸ்.ஏ.வை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். ஃபினாஸ்டெரைடு என்ற மருந்துக்கும் இதே கணக்குத்தான்.

அப்பா மூன்று வருடமாகச் சாப்பிடுகிறார். அப்படியானால் அவருடைய 6.4 என்பது உண்மையில் 13க்குப் பக்கத்தில். எம்.ஆர்.ஐ. சீட்டு, பயாப்ஸி படிவம் எதிலும் இந்த மாத்திரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தவர் வேறு டாக்டர், இப்போது பார்ப்பவர் வேறு டாக்டர் என்று சீட்டுகளைப் பார்த்தால் தெரிகிறது. யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இது அடிக்கடி நடப்பதுதான்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புராஸ்டேட் புற்றுநோயை எடைபோடும்போது பி.எஸ்.ஏ. 10 என்பது ஒரு முக்கியமான கோடு. 10க்குக் கீழே, கிளீசன் 3+4, சில துண்டுகளில் மட்டும் நோய் என்றால் இடைநிலை அபாயத்தில் சாதகமான பக்கம் என்போம். அவர்களில் சிலரைக் கண்காணிப்பில் வைப்பது தவறில்லை. உங்கள் டாக்டர் அந்த வழியையும் சொன்னது 6.4ஐ வைத்துத்தான் இருக்க வேண்டும். பி.எஸ்.ஏ. 10க்கு மேலே போய், கிளீசனும் 7 என்றால் இடைநிலையிலேயே பாதகமான பக்கத்துக்குச் சாய்கிறது. எம்.ஆர்.ஐ.யில் சுரப்பியின் கொள்ளளவு 42 சி.சி. என்று இருக்கிறது. சுரப்பியின் அளவுக்கு பி.எஸ்.ஏ. எவ்வளவு என்று பார்க்க 6.4ஐ 42ஆல் வகுத்தால் 0.15. அதுவே சந்தேக எல்லை. இரட்டித்துப் பார்த்தால் 0.30. ஆகவே "கண்காணிக்கலாமா" என்ற கேள்வியையே டாக்டர் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். நீங்கள் 30,000 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொள்ள நினைத்த விஷயத்தில் ஒரு பெரிய பங்கு வீட்டில் மாத்திரை அட்டையில் இருந்திருக்கிறது.

பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டால் அது தனி அவஸ்தை. அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள், எந்த மாதம் ஆரம்பித்தது என்று சொல்லுங்கள், பழைய பி.எஸ்.ஏ. ரிப்போர்ட் ஏதாவது வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் எடுத்தது ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

சரி, இப்போது அண்ணன் சொன்ன விஷயம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது கற்பனைச் சரக்கு இல்லை. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவில் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2024இல் அவர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் செல்லுக்குள் ஒரு ஜீனிலிருந்து ஒரு புரதம் உருவாக வேண்டுமென்றால், நடுவில் தூது ஆர்.என்.ஏ. என்ற நகல் ஒன்று எழுதப்படும். சுமார் 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ., அந்த நகலின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, "இதிலிருந்து புரதம் செய்யாதே" என்று அடக்கிவிடும். ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான ஜீன்களை இப்படிக் கட்டுப்படுத்தும். புற்றுநோயில் இந்தக் கட்டுப்பாடு குலைகிறது. புராஸ்டேட் கட்டியின் சதையில் மிர்-21, மிர்-375 போன்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கூடுவதும், மிர்-205, மிர்-145 போன்றவை குறைவதும் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயங்கள்.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. சாதாரண ஆர்.என்.ஏ. ரத்தத்தில் விழுந்தால் நிமிடங்களில் சிதைந்துவிடும். மைக்ரோ ஆர்.என்.ஏ.வோ ஒரு புரதத்தின் அணைப்பிலோ நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள்ளோ ஒளிந்துகொண்டு தாக்குப்பிடிக்கும். பயாப்ஸிச் சதையை வைத்திருக்கும் மெழுகுக் கட்டியில் பத்து வருடம் கழித்துத் தோண்டினாலும் கிடைக்கும். நானே எடுத்திருக்கிறேன். ஆராய்ச்சியாளர்களுக்கு இதன்மேல் இவ்வளவு ஆசை வரக் காரணம் இதுதான்.

2008இல் அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 25 பேரின் ரத்தத்தையும், நோயில்லாத 25 ஆண்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மிர்-141 என்ற ஒன்று நோயாளிகளிடம் தெளிவாகக் கூடியிருந்தது. நோயில்லாத ஒருவரையும் தவறாகச் சுட்டாதபடி கோட்டைப் போட்டால் நோயாளிகளில் 60 சதவீதம் பேரைப் பிடிக்க முடிந்தது. அந்த நாளில் அது பெரிய செய்தி. நாங்களெல்லாம் அந்தக் கட்டுரையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தோம்.

ஆனால் யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். எலும்புவரை பரவியவர்களை ஆரோக்கியமானவர்களோடு. அந்த இரண்டு பேரையும் பிரிக்க பி.எஸ்.ஏ.வே போதும். அப்படியும் மிர்-141 சோதனையில் பத்தில் நான்கு நோயாளிகள் பிடிபடவில்லை. அப்பாவின் கேள்வி அது இல்லையே. சுரப்பிக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறிய கட்டி, இன்னும் பத்து வருடத்தில் வெளியே கிளம்புமா, கிளம்பாதா என்பதுதான் அவருடைய கேள்வி. சிறிய கட்டியிலிருந்து ரத்தத்தில் கலப்பது துளி. அதே மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குடல், நுரையீரல் என்று வேறு உறுப்புகளிலிருந்தும் வருகின்றன. இதற்குள் அந்தத் துளியைத் தேட வேண்டும்.

அடுத்த சிக்கல் ரத்தம் எடுப்பதிலேயே இருக்கிறது. இதை நான் கண்ணால் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரத்தத்தைச் சுழற்றி சிவப்பணுக்களைக் கீழே இறக்கினால், மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். ஒருநாள் எங்களுக்கு வந்த குழாய்களில் ஆறில் அது லேசான ரோஸ் நிறம். எடுத்தவர் மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்திருக்கிறார், அப்புறம் குழாய்கள் மதிய வெயிலில் பைக்கில் குலுங்கிக்கொண்டு வந்திருக்கின்றன. சில சிவப்பணுக்கள் உடைந்து கசிந்துவிட்டன. சாதாரண சர்க்கரைச் சோதனைக்கு அது ஒன்றும் செய்யாது. எங்களுக்கோ கணக்கே புரண்டது. மிர்-451, மிர்-16 இரண்டும் சிவப்பணுவுக்குள் ஏராளமாக இருப்பவை. அந்த ஆறு குழாய்களில் இவை எகிறி நின்றன.

இதில் மோசமான பகுதி எது தெரியுமா? பல ஆய்வுகளில் மிர்-16ஐத்தான் அளவுகோலாக வைத்தார்கள். மற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கூடினவா, குறைந்தனவா என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். அளக்கும் கோலே குழாய்க்குக் குழாய் நீண்டும் சுருங்கியும் போனால் அளவு என்ன ஆகும்? ஒரு ஆய்வில் கூடியது என்று வந்தது இன்னொன்றில் குறைந்தது என்று வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஆறு குழாய்களையும் நாங்கள் ஒதுக்கிவிட்டோம். பிரித்துப் பார்த்ததால் ஒதுக்க முடிந்தது. வீட்டுக்கு வந்து எடுத்து, வேறு ஊருக்குக் கூரியரில் போகும் அப்பாவின் குழாய் எந்த நிறத்தில் போய்ச் சேர்ந்தது என்று உங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

இந்தத் தொழில்நுட்பக் கஷ்டங்கள் நாளை தீரலாம். தீர வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். இன்றைக்கு உங்கள் முன்னால் இருப்பது எளிமையான ஒரு கேள்வி. முடிவு "அபாயம் அதிகம்" என்று வந்தால் என்ன செய்வீர்கள்? "குறைவு" என்று வந்தால் என்ன செய்வீர்கள்? குறைவு என்று வந்ததை நம்பி, 13 பி.எஸ்.ஏ.வோடு அப்பாவைச் சும்மா விட எந்த டாக்டரும் துணிய மாட்டார். அதிகம் என்று வந்தால் அதை மட்டும் வைத்து ஆபரேஷன் மேசையில் ஏற்றவும் மாட்டார். எந்தப் பக்கம் வந்தாலும் அடுத்த அடி மாறாத சோதனை வீட்டில் தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

டெசிஃபர், ஆன்கோடைப், புரோலாரிஸ் என்ற பெயர்களையும் அண்ணன் சொல்லக்கூடும். அவை வேறு. பயாப்ஸிச் சதையையே எடுத்து, பல ஜீன்களின் ஆர்.என்.ஏ.வை அளப்பவை. பல வருடம் பின்தொடர்ந்த நோயாளிகளிடம் சரிபார்க்கப்பட்டவை. முடிவெடுக்க முடியாமல் நடுவில் நிற்கும் சிலருக்கு டாக்டரே அதைக் கேட்கலாம். விலை அதிகம். பயாப்ஸிச் சதையின் மெல்லிய சீவலை ஒட்டிய கண்ணாடித் தகடான ஸ்லைடை மறுபடி பார்த்த பிறகும் தடுமாற்றம் இருந்தால் அதைப் பேசலாம்.

ஸ்லைடு என்றேன். நீங்கள் பணம் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

1966இல் டொனால்டு கிளீசன் என்ற அமெரிக்க பேத்தாலஜிஸ்ட் வகுத்த முறையைத்தான் திருத்தித் திருத்தி இன்றும் பயன்படுத்துகிறோம். செல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை. செல்கள் எப்படிக் கூடி நிற்கின்றன என்று மட்டும் பார்க்கும். தட்டில் வளையல்களைக் கொட்டியதுபோல, சின்னச் சின்ன வட்டங்கள் தனித்தனியாகத் தெரிந்தால் 3. வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போனால் 4. வட்டமே இல்லாமல் செல்கள் தனித்தனியாகவோ திட்டுத்திட்டாகவோ சிதறிக் கிடந்தால் 5. அதிகமாக இருப்பதை முதலில் எழுதுவோம். 3+4 என்றால் பெரும்பகுதி வளையல்கள், கொஞ்சம் ஒட்டியவை. 4+3 என்றால் தலைகீழ். இரண்டுக்கும் கூட்டுத்தொகை 7தான், ஆனால் நோயின் போக்கு ஒன்றில்லை.

அப்பாவின் ரிப்போர்ட்டில் 4 எத்தனை சதவீதம் என்று எழுதவில்லை. 5 சதவீதமும் 3+4தான், 45 சதவீதமும் 3+4தான். முதலாமவரை நிதானமாகப் பார்க்கலாம். இரண்டாமவர் 4+3இன் வாசலில் நிற்கிறார். அப்புறம், அந்த 4இல் சல்லடை மாதிரியான அமைப்பு இருக்கிறதா என்றும் எழுதவில்லை. இடியாப்ப அச்சைக் கவிழ்த்துப் பார்த்தால் துளைகள் வரிசையாகத் தெரியும் அல்லவா, ஏறக்குறைய அப்படி. அது தெரிந்தால் நோய் வெளியே பரவும் வாய்ப்பு கூடுதல். அப்படி ஒரு சல்லடையைப் பார்த்துவிட்டால் நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்வேன். அந்த ஒரு வரி ரிப்போர்ட்டில் இருக்கிறதா இல்லையா என்பது, எனக்குத் தெரிந்த எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. எண்ணைவிடவும் அப்பாவுக்கு இன்று அதிகம் பயன்படும்.

3க்கும் 4க்கும் நடுவே எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வரும். ஆகவே புராஸ்டேட் ஸ்லைடுகளை நிறையப் பார்த்துப் பழகிய இன்னொருவரிடம் மறுபடி காட்டுவதில் யாரையும் குறைசொல்வது என்ற அர்த்தமே இல்லை. பயாப்ஸி செய்த இடத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும் பிளாக்குகளையும், அதாவது அந்த மெழுகுக் கட்டிகளையும் கேளுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். பெட்டியில் வைத்து நேரில் கொண்டுபோங்கள். காரில் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும். 4 எத்தனை சதவீதம், சல்லடை அமைப்பு உண்டா, புராஸ்டேட்டின் உட்குழாய்களுக்குள் பரவும் வகை உண்டா என்று மூன்றையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சொன்ன தொகையில் சிறு பங்குதான் இதற்கு ஆகும்.

உங்கள் அத்தையைப் பற்றிக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் முதல் வரியாகப் படித்தேன். 44 வயதில் மார்பகப் புற்றுநோய் என்பது இளம் வயது. பி.ஆர்.சி.ஏ.2 என்ற ஜீனில் பிறவியிலேயே பழுது இருக்கும் குடும்பங்களில், பெண்களுக்கு மார்பகத்திலும் கருப்பையின் பக்கத்துச் சினைப்பையிலும், ஆண்களுக்கு புராஸ்டேட்டிலும் புற்றுநோய் வரலாம். அந்த ஆண்களுக்கு வருவது மூர்க்கமான வகையாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். கண்காணிப்பு என்ற யோசனைக்கு வருவதற்கு முன்னால் டாக்டர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கும் ரத்தம்தான் எடுப்பார்கள், ஆனால் இது பிறவி ஜீனைப் படிக்கும் சோதனை. சிவப்பணு உடைந்தால் புரளாது. அடுத்த அடியை மாற்றும். ஒரு மரபியல் ஆலோசகரிடம் பேசிவிட்டு எடுங்கள். அப்பாவுக்குப் பழுது இருந்தால் உங்களுக்கும் அண்ணனுக்கும் ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தெரிந்துகொண்டால் உங்கள் பரிசோதனைகளைச் சீக்கிரமே தொடங்கலாம். அத்தைக்குப் பழுது இருந்ததா என்று இப்போது பார்க்க முடியாது என்பதால் அப்பாவிலிருந்து தொடங்குவதுதான் சரி.

இதற்கெல்லாம் மூன்று நான்கு வாரம் ஆகுமே, அதற்குள் பரவிவிடாதா என்று அம்மா கேட்பார். புராஸ்டேட் புற்றுநோய் பொதுவாக அந்த வேகத்தில் ஓடுவதில்லை. பிரிட்டனில் 1,643 பேரைக் கண்காணிப்பு, ஆபரேஷன், ரேடியேஷன் என்று மூன்றாகப் பிரித்து 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். 2023இல் முடிவு வந்தது. மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் மட்டும் பரவல் ஏறத்தாழ இரு மடங்கு, நூற்றுக்கு 9 பேருக்கு. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அப்பாவைவிட லேசான நோயுள்ளவர்கள். அதனால் அந்த எண்ணை அப்படியே அப்பாவுக்குப் பொருத்த மாட்டேன். சில வாரம் நிதானித்துச் சரியாகத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதில் கெடுதல் இல்லை என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அண்ணனிடமும் ஒன்று சொல்லுங்கள். எங்காவது மருத்துவக் கல்லூரியிலோ புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, அப்பாவின் ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்து அவரைப் பல வருடம் பின்தொடரும் ஆராய்ச்சி நடந்தால், மனமாரக் கொடுக்கலாம். இந்த விஷயம் தேறி வருவதற்கு அப்படிப்பட்ட ரத்தம்தான் தேவை. அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்கும் லேப்பிடம், "என் அப்பாவைப் போல 3+4 உள்ள எத்தனை பேரை எத்தனை வருடம் பின்தொடர்ந்து உங்கள் கோட்டைப் போட்டீர்கள்?" என்று அண்ணனையே கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பேசிவிட்டு மறுபடி டாக்டரைப் பார்க்கப் போவீர்கள். மாத்திரை அட்டையை அப்பாவின் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்புங்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் முதலில் அதை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். ஸ்லைடின் இரண்டாவது ரிப்போர்ட் கைக்கு வந்ததும், வசதிப்பட்டால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.